தவறான விடைகளைச் சேகரித்த விஞ்ஞானி



விஞ்ஞானி என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? தொலைநோக்கி, சோதனைக் குழாய், புகை வரும் ரசாயனம்... அப்படித்தானே? இன்று நான் சொல்லப்போகும் விஞ்ஞானியிடம் இவை எதுவும் கிடையாது. களிமண், கண்ணாடிக் குவளை, கூழாங்கல், பொம்மைக் கிளி, தீப்பெட்டி, இவைதான் அவருடைய கருவிகள். அவர் ஆராய்ந்தது யாரைத் தெரியுமா? உங்களைப் போன்ற குழந்தைகளைத்தான்!

அவர் பெயர் ழான் பியாஜே. ஆசிரியர் பயிற்சிக்குப் படிப்பவர்களின் உளவியல் புத்தகத்தில் இந்தப் பெயர் கட்டாயம் இருக்கும். உங்கள் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள், உடனே தலையாட்டுவார்!

அவர் வாழ்க்கைக்குள் போவதற்கு முன்னால் ஒரு சின்னக் கேள்வி. மேசை ஓரத்தில் டம்ளர் இருக்கிறது. தம்பியின் முழங்கை அதன்மேல் படப்போகிறது. நீங்கள் ஓடிப்போய்ப் பிடித்துவிடுகிறீர்கள். டம்ளர் இன்னும் விழவே இல்லையே, உங்களுக்கு எப்படித் தெரிந்தது? அது விழுவதை உங்கள் மனம் முன்னதாகவே பார்த்துவிட்டது! அப்படியானால் உங்கள் மனத்துக்குள்ளும் ஒரு டம்ளர், ஒரு மேசை, ஒரு முழங்கை எல்லாம் இருக்கின்றன அல்லவா? அவை எப்போது உள்ளே வந்தன? பிறக்கும்போதே இருந்தனவா? நாமே ஒவ்வொன்றாகச் செய்துகொண்டோமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் பியாஜே ஏறக்குறைய 60 ஆண்டுகள் உழைத்தார்.

நத்தைச் சிறுவன்

சுவிட்சர்லாந்து நாட்டில் நியூஷாடெல் என்று ஓர் ஏரிக்கரை நகரம் இருக்கிறது. அங்கே 1896 ஆம் ஆண்டு ஆகஸ்டு 9 ஆம் நாள் பியாஜே பிறந்தார். அப்பா ஆர்தர் பியாஜே பல்கலைக்கழகப் பேராசிரியர். இடைக்கால இலக்கியத்தில் வல்லவர். எதையும் சான்று பார்த்துத்தான் நம்புவார். மகனும் அப்படியே வளர்ந்தான்.

1907 ஆம் ஆண்டு ஒரு பூங்காவில் வெள்ளை நிறச் சிட்டுக்குருவி ஒன்றைப் பார்த்தான் சிறுவன் பியாஜே. நாமாக இருந்தால் நண்பர்களிடம் சொல்லி மகிழ்ந்திருப்போம். அவனோ ஒரு சிறு குறிப்பு எழுதி உள்ளூர் இயற்கை ஆய்வு இதழுக்கு அனுப்பினான். அது அச்சிலும் வந்தது! அப்போது அவனுக்குப் பதினோரு வயதுதான் இருக்கும்.

அந்த ஊர் இயற்கை அருங்காட்சியகத்தின் இயக்குநர் பால் கோதே என்ற முதியவர். நத்தை, சிப்பி ஆகியவற்றின் ஓடுகளைச் சேர்த்து வகைப்படுத்துவதில் நிபுணர். அவருக்குச் சிறுவன் பியாஜே கடிதம் எழுதி, உதவியாளனாகச் சேர்ந்துகொண்டான். வாரம் இரண்டு முறை போய், ஓடுகளுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்டுவான். கூலி என்ன தெரியுமா? அரிய வகை ஓடுகள் சில!

1911 இல் கோதே காலமானார். அதற்குள் சீடன் நத்தைகளைப் பற்றித் தானே கட்டுரை எழுதும் அளவுக்குத் தேறிவிட்டான். ஒருநாள் ஜெனீவா நகர அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. அங்கே நத்தை ஓடுகளின் பொறுப்பாளர் பதவியை ஏற்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். பாவம், தாங்கள் எழுதுவது ஒரு பள்ளி மாணவனுக்கு என்று அவர்களுக்குத் தெரியாது! பள்ளிப் படிப்பை முடிக்க இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன என்று அவன் பதில் எழுத வேண்டியதாயிற்று.

நத்தைகளிடம் பியாஜே ஒரு பாடம் கற்றார். அமைதியான குளத்தில் நீண்ட ஓட்டுடன் வாழும் ஒரு வகை நத்தை, அலை மோதும் பெரிய ஏரியில் குட்டையான, உருண்டையான ஓட்டுடன் வளர்கிறது. உயிர்கள் தாம் வாழும் இடத்துக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன. மனித அறிவும் அப்படித்தான் உலகத்தோடு மோதி மோதி வடிவம் பெறுகிறதோ என்ற எண்ணம் அவருக்குள் முளைத்தது.

பொய்யான நினைவு

மனம் எப்படிப்பட்ட சித்திரக்காரன் என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று அவர் வாழ்விலேயே நடந்தது. அவர் இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோது, பாரிஸ் நகரத்துப் பெரிய சாலையில் ஆயா அவரைத் தள்ளுவண்டியில் வைத்து அழைத்துப் போனாராம். ஒருவன் குழந்தையைக் கடத்தப் பார்த்தானாம். ஆயா போராடிக் காப்பாற்றினாராம். அவர் முகத்தில் கீறல்கள். போலீஸ்காரர் வந்ததும் திருடன் ஓடிவிட்டான். மகிழ்ந்த பெற்றோர் ஆயாவுக்கு ஒரு கடிகாரம் பரிசளித்தார்கள்.

இந்தக் காட்சி முழுவதும் பியாஜேயின் மனத்தில் தெளிவாகப் பதிந்திருந்தது. போலீஸ்காரரின் உடைகூட நினைவிருந்தது! ஆனால், அவருக்குப் பதினைந்து வயது ஆனபோது அந்த ஆயாவிடமிருந்து கடிதம் வந்தது. எல்லாம் தான் கட்டிய கதை, கீறல்களும் தானே போட்டுக்கொண்டவை என்று ஒப்புக்கொண்டு, கடிகாரத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்!

நடக்காத ஒன்றை எப்படிப் பார்த்தோம்? பெரியவர்கள் சொல்லக் கேட்டு, மனமே அந்தப் படத்தை வரைந்துகொண்டிருக்கிறது! மனம் கேமரா அல்ல. அது கட்டிடம் கட்டும் கொத்தனார் போன்றது. கிடைத்த செங்கல்லை வைத்து உள்ளே ஓர் உலகத்தையே கட்டிக்கொள்கிறது.

பாரிஸில் கிடைத்த புதையல்

1918 ஆம் ஆண்டு நத்தை இன ஆய்வுக்காக பியாஜே டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு சூரிச் நகரில் சிறிது காலம் உளவியல் பயின்று, 1919 இல் பாரிஸ் சென்றார். அங்கே அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. பள்ளிக் குழந்தைகளுக்கு அறிவுத்திறன் சோதனை வைக்க வேண்டும். எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள், எந்த வயதில் சொன்னார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். அவ்வளவுதான். சலிப்பான வேலை!

சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறான விடைக்குச் சுழி. அந்தக் காலத்தில் சோதனை வைத்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் பார்த்தார்கள். குழந்தை என்பது குறைவாகத் தெரிந்த ஒரு சின்னப் பெரியவர், அவ்வளவே என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

ஆனால் பியாஜேயின் கண்ணில் வேறொன்று பட்டது. ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரியான தவறுகளைச் செய்தார்கள்! வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள், வேறு வேறு வகுப்புப் பிள்ளைகள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவும் இல்லை. பிறகு எப்படி? அந்தத் தவறுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கான சிந்தனை இருக்கத்தானே வேண்டும்?

உடனே அவர் கணக்கெடுப்பதோடு நிற்காமல், குழந்தைகளோடு உட்கார்ந்து பேசத் தொடங்கினார். ஏன் அப்படி நினைக்கிறாய், இப்படி மாற்றினால் என்ன ஆகும் என்று பொறுமையாகக் கேட்டார். விடை தவறாக இருந்தால் முகம் சுளிக்கவில்லை. புதையல் கிடைத்ததுபோல் குறித்துக்கொண்டார்!

அவர் எழுதிய கட்டுரைகளைப் படித்த கிளாபரேட் என்ற உளவியல் அறிஞர், 1921 இல் அவரை ஜெனீவாவிலுள்ள ரூசோ நிறுவனத்துக்கு அழைத்து ஆராய்ச்சிப் பொறுப்பைக் கொடுத்தார். அப்போது பியாஜேக்கு 25 வயது.

வீடே ஆய்வுக்கூடம்

1923 இல் அந்த நிறுவனத்தில் படித்த வாலன்டீன் ஷாட்டனே என்ற பெண்ணை பியாஜே மணந்தார். ஜாக்குலின் (1925), லூசியான் (1927), லாரன்ட் (1931) என்று மூன்று குழந்தைகள் பிறந்தன. கணவனும் மனைவியும் தொட்டிலருகே உட்கார்ந்து, குழந்தைகள் செய்வதையெல்லாம் நாள்விடாமல் எழுதிவைத்தார்கள்.

அவர்கள் கண்டதை நீங்களும் காணலாம். ஐந்தாறு மாதக் குழந்தைக்குக் கிலுகிலுப்பையைக் காட்டுங்கள். பிடிக்கக் கை நீட்டும். அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுங்கள். அவ்வளவுதான்! குழந்தை துண்டை விலக்கித் தேடாது. கண்ணுக்கு மறைந்த பொருள் அந்தக் குழந்தைக்கு இல்லாமலே போய்விட்டது என்று பியாஜே முடிவு செய்தார்.

ஜாக்குலினுக்குப் பத்து மாதம் கடந்திருந்தபோது இன்னொரு வேடிக்கை நடந்தது. மெத்தையில் உட்கார்ந்திருந்த அவளிடமிருந்து பொம்மைக் கிளியை வாங்கி, இடப்பக்கம் மெத்தைக்கு அடியில் மறைத்தார் அப்பா. அவள் எடுத்துவிட்டாள். மறுபடியும் அங்கேயே மறைத்தார். எடுத்துவிட்டாள். மூன்றாம் முறை, அவள் பார்க்கும்போதே வலப்பக்கம் மறைத்தார். அவள் எங்கே தேடினாள் தெரியுமா? பழையபடி இடப்பக்கத்தில்!

ஏன்? அவள் மனத்தில் கிளி தனிப் பொருளாக இன்னும் உருவாகவில்லை. இடப்பக்கம் கை விட்டால் வரும் கிளி என்றுதான் அது பதிந்திருந்தது என்றார் பியாஜே. பொருள் வேறு, அது இருக்கும் இடம் வேறு, என் கை செய்யும் வேலை வேறு என்று பிரித்தறியக் குழந்தைக்கு மாதக்கணக்கில் அனுபவம் தேவைப்படுகிறது. நமக்கு மிகச் சாதாரணமாகத் தெரியும் ஒன்றைக் கற்க எவ்வளவு பாடுபட்டிருக்கிறோம் பாருங்கள்!

தீப்பெட்டியும் திறந்த வாயும்

எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி லூசியானுடையது. அவளுக்கு அப்போது ஒரு வயது நான்கு மாதம். அப்பா ஒரு கடிகாரச் சங்கிலியைத் தீப்பெட்டிக்குள் போட்டு, சிறு இடுக்கு மட்டும் தெரியும்படி மூடிக் கொடுத்தார். தீப்பெட்டியை எப்படித் திறப்பது என்று அவளுக்குத் தெரியாது. விரலை விட்டுப் பார்த்தாள். சங்கிலி வரவில்லை.

சற்று நிறுத்தினாள். அந்த இடுக்கையே உற்றுப் பார்த்தாள். பிறகு தன் வாயைத் திறந்து திறந்து மூடினாள். முதலில் கொஞ்சமாக, பிறகு அகலமாக, இன்னும் அகலமாக! அடுத்த கணம் இடுக்கில் விரலை வைத்து இழுத்துத் திறந்து, சங்கிலியை எடுத்துவிட்டாள்!

அவள் வாய்க்கும் தீப்பெட்டிக்கும் என்ன தொடர்பு? இடுக்கு பெரிதாக வேண்டும் என்று அவள் எண்ணுகிறாள். அதைச் சொல்ல அவளுக்கு வார்த்தை கிடையாது. மனத்தில் முழுமையாகப் படம் வரையவும் இன்னும் வரவில்லை. எனவே தன் வாயையே தீப்பெட்டியாக்கி, என்ன நடக்கும் என்று ஒத்திகை பார்த்திருக்கிறாள். கையால் செய்து பார்ப்பதிலிருந்து மனத்தால் செய்து பார்ப்பதற்கு ஒரு குழந்தை தாவுவதை பியாஜே நேரில் கண்டுவிட்டார். டம்ளரைப் பிடிக்க நீங்கள் ஓடினீர்களே, அந்த ஆற்றல் தொடங்குவது இங்கேதான்.

ஐன்ஸ்டீன் கேட்ட கேள்வி

1928 இல் தாவோஸ் என்ற மலைநகரில் நடந்த அறிஞர் கூட்டத்தில் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன், காலத்தையும் வேகத்தையும் பற்றிக் குழந்தைகள் எப்படி அறிந்துகொள்கிறார்கள் என்று ஆராயும்படி பியாஜேயைத் தூண்டினார். அதற்காக பியாஜே வைத்த சோதனை மிக எளியது. இரண்டு சுரங்கப்பாதைகள், ஒன்று நீளம், மற்றொன்று குட்டை. இரண்டு பொம்மைகள் ஒரே நேரத்தில் நுழைந்து, ஒரே நேரத்தில் வெளியே வருகின்றன. எது வேகமாகப் போனது?

நீளமான பாதையில் போனதுதான் என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். ஆனால் ஐந்து வயதுக் குழந்தைகள், இரண்டும் ஒரே வேகம் என்றார்கள்! ஒரு பாதை நீளம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றாக வந்துவிட்டனவே, பிறகென்ன என்று கேட்டார்கள். ஒன்று மற்றொன்றை முந்தினால்தான் அவர்களுக்கு அது வேகம்.

தண்ணீர்ச் சோதனையும் அப்படித்தான். தண்ணீருக்குள் கூழாங்கல்லைப் போட்டால் மட்டம் உயரும். ஏன் உயருகிறது என்று கேட்டால், கல் கனமாக இருப்பதால் என்பார்கள் சிறு குழந்தைகள். சிறிய கனமான பொருளையும் பெரிய லேசான பொருளையும் காட்டினால், கனமானதுதான் அதிகம் உயர்த்தும் என்பார்கள். அவர்கள் மனத்துக் கல்லுக்குக் கனம் இருக்கிறது, ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளும் குணம் இன்னும் சேரவில்லை! மூழ்கிய பொருள் எவ்வளவு இடம் அடைக்கிறதோ அவ்வளவுதான் நீர்மட்டம் உயரும் என்பது வளர்ந்த பிறகே விளங்குகிறது.

குவளைச் சோதனை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரே அளவான இரண்டு குவளைகளில் சமமாகத் தண்ணீர். ஒன்றை ஒல்லியான உயரமான குவளைக்கு மாற்றினால், அதில்தான் அதிகம் என்பார்கள் நான்கைந்து வயதுக் குழந்தைகள். ஏழு வயது வாக்கில், ஊற்றியதைத் திரும்ப ஊற்றினால் பழையபடி ஆகிவிடும் என்று மனத்திலேயே ஊற்றிப் பார்க்கத் தெரிந்துவிடுகிறது. பார்பெல் இன்ஹெல்டர், அலினா செமின்ஸ்கா என்ற இரண்டு பெண் அறிஞர்கள் இத்தகைய ஆய்வுகளில் அவருக்குத் துணையாக இருந்தார்கள்.

குருவையும் திருத்தலாம்

பியாஜே சொன்னதெல்லாம் சரியா? அங்கேதான் கதையில் திருப்பம்!

1985 இல் ரெனே பெய்லார்ஜன், எலிசபெத் ஸ்பெல்கி முதலிய ஆய்வாளர்கள் ஐந்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு காட்சி காட்டினார்கள். ஒரு பெட்டி. அதற்கு முன்னால் ஒரு தடுப்புப் பலகை எழுந்து பின்பக்கமாகச் சாய்கிறது. பெட்டி இருப்பதால் பலகை பாதியில் நிற்க வேண்டும். சில சமயம் நின்றது. சில சமயம் பெட்டியே இல்லாததுபோல் முழுவதும் சாய்ந்தது. உண்மையில், மறைந்த நேரத்தில் பெட்டியை அகற்றிவிட்டார்கள்! நடக்கவே முடியாத அந்தக் காட்சியைத்தான் குழந்தைகள் அதிக நேரம் பார்த்தார்கள். அப்படியானால் மறைந்த பெட்டி அங்கேயே இருப்பதாக அவர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள்! தேடிக் கை நீட்டத் தெரியாததால், மனத்திலும் பொருள் இல்லை என்று பியாஜே எண்ணியது சரியல்ல என்று பல அறிஞர்கள் இப்போது கருதுகிறார்கள்.

பெரியவர்கள் மட்டும் எப்போதும் சரியாகச் சொல்லிவிடுகிறார்களா? இல்லை! 1980 இல் மைக்கேல் மெக்லாஸ்கி என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம், வளைந்த குழாயிலிருந்து வெளிவரும் குண்டு எப்படிப் போகும் என்று வரையச் சொன்னார்கள். வெளியே வந்த பிறகும் வளைந்தே போகும் என்று பலர் வரைந்தார்கள். உண்மையில் அது நேராகத்தான் போகும்.

நீங்களே செய்து பாருங்கள். ஒட்டும் டேப் தீர்ந்துபோன அட்டை வளையத்தைப் பாதியாக வெட்டித் தரையில் வையுங்கள். அதன் உட்பக்கத்தை ஒட்டி ஒரு கோலிக் குண்டை உருட்டிவிடுங்கள். உருட்டுவதற்கு முன் வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் அது போகும் பாதையை வரையச் சொல்லுங்கள். யார் மனத்தில் எப்படிப்பட்ட கோலி இருக்கிறது என்பது தெரிந்துவிடும்!

சைக்கிளில் வந்த தாத்தா

பியாஜே ஜெனீவாவில் சர்வதேசக் கல்விப் பணியகத்தை 1929 முதல் சுமார் 40 ஆண்டுகள் தலைமையேற்று நடத்தினார். 1955 இல் அறிவு எப்படி வளர்கிறது என்பதை ஆராய ஒரு தனி மையம் தொடங்கினார். அங்கே உளவியல் அறிஞர்களோடு கணித அறிஞர்களும் இயற்பியல் அறிஞர்களும் உட்கார்ந்து விவாதித்தார்கள். 1972 இல் எராஸ்மஸ் பரிசும், 1979 இல் பால்சான் பரிசும் அவரைத் தேடி வந்தன.

புகழ் வந்தும் அவர் மாறவில்லை. தலையில் தொப்பி, வாயில் சுங்கான், ஏறிச் செல்ல சைக்கிள், கலைந்து கிடக்கும் காகிதங்களுக்கு நடுவே எழுத்து. இதுதான் பியாஜே. 1980 செப்டம்பர் 16 அன்று, 84 ஆம் வயதில் அவர் ஜெனீவாவில் காலமானார்.

மாணவச் செல்வங்களே, பியாஜேயின் சில முடிவுகள் மாறியிருக்கலாம். ஆனால் தவறாகச் சொன்ன குழந்தையைப் பார்த்து, ஏன் அப்படி நினைத்தாய் என்று கேட்டாரே, அந்தக் கேள்வி இன்றும் வகுப்பறைகளில் உயிரோடு இருக்கிறது. அவரைத் திருத்தியவர்களும் குழந்தைகளைக் கூர்ந்து பார்த்துத்தான் திருத்தினார்கள்.

எனவே, உங்கள் வீட்டுத் தங்கை உயரமான டம்ளரில் பால் கேட்டு அடம் பிடித்தால் சிரிக்காதீர்கள். தலையில் குட்டவும் வேண்டாம். அவள் மனத்தில் பால் இன்னும் தயாராகிக்கொண்டிருக்கிறது! அவள் முன்னாலேயே ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி ஊற்றிக் காட்டி, எதில் அதிகம், ஏன் என்று கேளுங்கள். அவள் சொல்வதை அப்படியே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் கேட்டுப் பாருங்கள். ஒரு மனம் வளர்வதை உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள்!